பெர்ரி: 'சிறுபழம்' பொருந்துமா? களாவையும் சூரையையும் வைத்து ஒரு கருத்து

அனைவருக்கும் வணக்கம்.

'பெர்ரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'சிறுபழம்' காதுக்கு இனிமையான சொல்தான். ஆனால் தாவரவியல் பாடத்தில் அது நிற்காது. தாவரவியல் கணக்கில் தக்காளி, கத்தரி, வாழை எல்லாம் பெர்ரி வகை. கைகொள்ளாத கத்தரிக்காயைக் காட்டி இது சிறுபழம் என்று மாணவரிடம் எப்படிச் சொல்வது? பெயரிலேயே பெர்ரியைச் சுமக்கும் ஸ்ட்ராபெரியோ அந்த வகையே அன்று. அதில் நாம் தின்னும் சிவந்த சதை, பூவின் அடிப்பகுதியான பூத்தளம் பருத்து உண்டானது. மேலே ஒட்டியிருக்கும் மணிகளே கனிகள்.

நம் காட்டுப் புதர்கள் இரண்டைப் பார்த்தால் வழி கிடைக்கும். முதலாவது களா. கவட்டை முள், மல்லிகை போன்ற வெள்ளைப் பூ, கிள்ளினால் பால். காய் சிவந்து, பழுக்கும்போது கறுக்கும். பச்சைக்காயைக் கடித்தால் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதை ஊறுகாய்க்கு விட்டுவிடலாம். கறுத்த பழத்தைத் தோல், சதை, தட்டையான சிறு விதைகள் எல்லாவற்றையும் சேர்த்தே மென்று விழுங்கலாம். இரண்டாவது, பக்கத்துச் செடிகளின்மேல் கொக்கி முள்ளால் பற்றி ஏறும் சூரை. பழம் களாவைவிடச் சிறியது. புளிப்பான மெல்லிய சதை கரைந்ததும் பல்லில் கல் தட்டும், துப்பியாக வேண்டும்.

வேறுபாடு முழுவதும் அந்தக் கல்லில் இருக்கிறது. சூரையில், விதையைச் சூழ்ந்த கனிச்சுவரின் உள்ளடுக்கு இறுகி விதையை மூடிக்கொள்கிறது. இலந்தை, மா, வேம்பு எல்லாம் அப்படியே. களாவில் எந்த அடுக்கும் அவ்வாறு இறுகுவதில்லை. தாவரவியல் பெர்ரி என்பது களாவின் வகைதான். ஆங்கிலப் பேச்சுவழக்கு இரண்டையும் பெர்ரி என்றே அழைத்துவிடும். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

புறநானூற்றின் 177ஆம் பாடலில் புளிப்பை விரும்பியவர்கள் களாவும் துடரி எனும் முட்செடியின் பழமும் தின்று சலித்து, ஆற்றங்கரை மணல்மேட்டில் நாவற்கனி பறிக்கிறார்கள். அங்கே ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர்தான். அன்றாடப் பேச்சில் நமக்குப் பொதுச்சொல் தேவையே இல்லை என்பது என் எண்ணம். களாப்பழம், சூரைப்பழம் என்றால் போதும். சொல் தேவைப்படுவது பாடநூலுக்கு.

கல்லுள்ள வகைக்குக் 'காழ்க்கனி' என்று முன்மொழிகிறேன். காழ் என்றால் வன்மை. உள்ளே வன்மை உடையவற்றை 'அகக்காழனவே மரமென மொழிப' என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. உள்ளே இறுகிய பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. 'கொட்டைக்கனி' வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். புளியங்கொட்டையும் ஆமணக்குக் கொட்டையும் விதைகள். சூரையின் கல் விதை அன்று, கனிச்சுவரின் பகுதி. மாணவர் தடுமாறும் இடமே இதுதான். அங்கே சொல்லும் சேர்ந்து தடுமாறக் கூடாது.

காழ் என்பது வழக்கிழந்த சொல், பழம்பாடல்களில் விதையையும் குறிக்கும் என்று குழுவில் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். விதையைக் குறிப்பது உண்மை. கலைச்சொல்லாக்கும்போது பொருளைச் சுருக்கி வரையறுத்துவிடலாம். வழக்கிழந்தது என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 'காழ்ப்புணர்ச்சி' இன்றும் செய்தித்தாள்களில் வருகிறது. மனத்தில் இறுகிய பகையைக் குறிக்கும் அந்தச் சொல்லில் இருப்பதும் காழ்தான்.

களாவின் வகைக்கு 'முழுச்சதைக்கனி'. 'மென்கனி' என்றும் யோசித்தேன், குறுகிய அழகான சொல். ஆனால் பழுத்த மாம்பழமும் மென்மைதானே, கைவிட்டேன். 'சதைக்கனி' இரண்டுக்கும் பொதுச்சொல்லாக இருக்கட்டும்.

எழுதிப் பார்த்தேன்: "களா, முள் நிறைந்த புதர்ச்செடி. இதன் கனி முழுச்சதைக்கனி, கறுத்தபின் உண்ணலாம். சூரை, பற்றி ஏறும் புதர்ச்செடி. இதன் கனி காழ்க்கனி. சதையை உண்டு கல்லை நீக்க வேண்டும்." வாசிக்கத் தடையில்லை என்றே தோன்றுகிறது. தடித்த ஓடுடைய பூசணிக்கும் சுளையுள்ள எலுமிச்சைக்கும் 'முழுச்சதை' பொருந்தாது. தாவரவியலும் அவற்றைத் தனித்தனிப் பெயரிட்டே பிரிக்கிறது. அந்த இரண்டுக்கும் உங்கள் பரிந்துரைகளை எழுதுங்கள்.