பின்னி மில் வரலாறு தேடுறவங்களுக்கு: எந்த நூலகம், எந்தக் கவுன்ட்டர்?

புளியந்தோப்பு வாசகர்:
1921 பின்னி மில் (பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகள்) வேலைநிறுத்தம் பற்றி எழுத விரும்பும் மாணவர்கள் நம்ம வட சென்னைப் பக்கம் நிறைய இருக்காங்க. எங்க என்ன கிடைக்கும், எங்க அலைச்சல்தான் மிச்சம்னு தெரிஞ்சவங்க பகிருங்க.

ஓட்டேரி:
கிளை நூலகத்துல ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது. நாவல், பொது வரலாறு, போட்டித் தேர்வுப் புத்தகம் இருக்கும். ஆய்வுக்கான மூல ஆவணம் இருக்காது. உறுப்பினராக ஆதார் நகல், வைப்புத்தொகை, ஆண்டுச் சந்தா போதும். 1948 நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்துவரியோட நூலக வரியும் சேர்த்து வாங்குறாங்க, அதனால கூச்சமில்லாம போய்க் கேளுங்க. காலையில போகலன்னா இடம் கிடைக்காது, டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைங்க நிறைஞ்சிடுவாங்க.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எழும்பூர்ல இருக்கிற அரசு ஆவணக் காப்பகத்துக்குச் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமையை எழும்பூருக்குன்னு ஒதுக்கிடுங்க.

தண்டையார்பேட்டை:
வழி சொல்லிடறேன். நம்ம பக்கத்துல மெட்ரோ ஏறினா சென்ட்ரல்ல பச்சை வழித்தடத்துக்கு மாறணும், அடுத்த நிறுத்தமே எழும்பூர்.

ராயபுரம்:
எழும்பூர் கன்னிமாரா 1896 டிசம்பர் 5 அன்று திறந்த நூலகம். "இந்தியாவுல அச்சான எல்லாமே அங்க இருக்கும்" என்ற நம்பிக்கையோடு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகம் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. மற்ற மூன்றும் கொல்கத்தா, மும்பை, தில்லி. ஆனால் அந்தச் சட்டம் அதற்குப் பிந்தைய நூல்களுக்குத்தான். அதற்குப் பிறகும் சின்னப் பதிப்பகங்கள் பல அனுப்புவதில்லை. தொழிற்சங்கத் துண்டறிக்கை, மாநாட்டு மலர் போன்றவற்றை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

லிங்கிச் செட்டித் தெருவில் 1958இல் தொடங்கிய மறைமலை அடிகள் நூலகமும் இப்போது கன்னிமாரா வளாகத்தில்தான். பழைய தமிழ் நூல் என்றால் அங்கே முதலில் கேளுங்கள். இன்னும் சிலர் பாரிமுனையில் பழைய முகவரியைத் தேடி அலைகிறார்கள்.

கணினிப் பட்டியலில் தேடும்போது ஒரு சிக்கல். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றிய இடங்களில் 'தொழிலாளர்' என்பதன் 'ழ' ஒரு பதிவில் இசட்-ஹெச், இன்னொன்றில் வெறும் எல். ஒரு வடிவத்தில் வரவில்லை என்று புத்தகமே இல்லை என முடிவு கட்டாதீர்கள். ஆசிரியர் பெயரிலும் தேடுங்கள். சில பழைய நூல்களில் ஆண்டு தமிழ்ப் பெயரில் மட்டும் இருக்கும். துன்மதி என்றால் 1921-22. ஆனால் 1861-62உம் துன்மதிதான். அச்சகத்தின் பெயர், விலை, முகவுரை எல்லாம் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள்.

மாதவரம்:
வேலைநிறுத்தத்துக்கான அரசுத் தாள்கள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல, எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில. ஆய்வு மாணவர்னா கல்லூரித் துறைத் தலைவர் அல்லது நெறியாளர் கடிதம், அடையாள அட்டை, எதைப் பற்றி ஆய்வுங்கிற விண்ணப்பம் மூணும் வேணும். "பின்னி மில் பற்றி எல்லாமே"ன்னு எழுதிக் குடுத்தா யாராலும் எடுத்துத் தர முடியாது.

ஆவணம் கேட்டு எழுதிக் குடுக்கிற சீட்டுல துறை, அரசாணை எண், நாள் மூணும் இருக்கணும். ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஒண்ணுலேருந்து தொடங்கும். வெறும் எண்ணும் ஆண்டும் எழுதினா எந்தத் துறைக் கட்டுன்னு ஊழியருக்கு எப்படித் தெரியும்? அதனால முதல் நாள் முழுக்க அந்தந்த ஆண்டின் பொருளடக்கத் தொகுதிகள்லயே போகட்டும். 'வேலைநிறுத்தம்'னு மட்டும் பார்க்காம 'ஆலை', 'கலவரம்', 'போலீஸ்', 'புளியந்தோப்பு'ன்னும் பாருங்க, எல்லாம் ஆங்கிலத் தலைப்புலதான் இருக்கும். பென்சில் கொண்டு போங்க, பேனா வேண்டாம்.

பலர் தவறவிடுற இன்னொண்ணு: தாய்மொழிப் பத்திரிகைகள் என்ன எழுதுச்சுன்னு அன்றைய அரசு ஆங்கிலத்துல சுருக்கி வச்ச அறிக்கைகள். மூலப் பத்திரிகை இதழ் அழிஞ்சு போயிருந்தாலும் அதோட சாரம் இதுல மாட்டும். ஆனா மொழிபெயர்த்தவர் அரசு ஆள், சங்கத்து மேல அன்பு இருந்திருக்காது, கவனம்.

வியாசர்பாடி:
தோழர், படம் எடுக்கிறது பத்தியும் சொல்லணும். கவுன்ட்டர்ல அனுமதி கேட்டுட்டு எடுங்க. முதல் படம் தலைப்புப் பக்கமா இருக்கட்டும், அதோட அழைப்பு எண்ணும் (நூலகம் நூலுக்குக் குடுத்த எண்) தெரியணும். இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு அடிக்குறிப்பு போட முடியாம முழிக்கணும். அமிலம் ஏறி மஞ்சளான தாளை ஜெராக்ஸ் கண்ணாடியில அமுக்கினா மடிப்புல ஒடியும், அதான் மறுக்கறாங்க. சண்டை போட்டுப் பயனில்ல.

ராயபுரம்:
பழைய தமிழ் இதழ்கள் வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தொலைவுதான். இணையத்தில் அவர்கள் பட்டியலைப் பார்த்து, இதழ் பெயர், ஆண்டு குறித்துக்கொண்டு போங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலேயே நூல் கிடைத்துவிட்டால் பஸ் செலவு மிச்சம்.

கொளத்தூர்:
தேடுறது எழும்பூர்ல, உட்கார்ந்து எழுதறது இங்க. 2024 நவம்பர்ல திறந்த முதல்வர் படைப்பகத்துல படிக்கத் தனி இடம், மடிக்கணினி வச்சு வேலை பார்க்கத் தனி இடம்னு இருக்கு. கட்டணமும் முன்பதிவும் இரண்டுக்கும் தனித்தனி, எது வேணும்னு தெரிஞ்சு பதிவு பண்ணுங்க.