காந்திமதி நடிப்பு: ஒரே குரல்தானா?

வைகைக்கரை வாசகன்:
மானாமதுரையில் பிறந்த நடிகை காந்திமதி 2011 செப்டம்பரில் காலமானார். அவரைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் எழுதுவதெல்லாம் வெறும் பாராட்டாகவே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘16 வயதினிலே’ (1977) படத்தில் கதாநாயகி மயிலின் அம்மாவாக வந்த குருவம்மாவுக்குப் பிறகு அவர் புதிதாக என்ன செய்தார்? இடுப்பில் கை, உச்சத்தில் குரல், வாய் நிறையச் சொலவடை. படம் மாறியது, கத்தல் மாறவில்லை. ‘மண்வாசனை’ (1983) ஒச்சாயிக் கிழவியும் என் பார்வையில் வயதான குருவம்மாதான். மதுரைப் பக்கத்துப் பெண் என்றாலே சண்டைக்காரி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. என் அம்மாவோ பெரியம்மாவோ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

உசிலம்பட்டிக்காரி:
அண்ணே, உங்கள் வீட்டில் கேட்கவில்லை, சரி. எங்கள் தெருவில் தினமும் கேட்கும். அதில் கேவலமும் ஒன்றுமில்லை. வயசுக்கு வந்த மகளைத் தனியாக வைத்துக்கொண்டு, வாசலில் அந்தப் படத்துப் பரட்டை மாதிரி வம்புக்கார ஆட்கள் திரியும் ஊரில் பிழைக்கிறவளுக்கு வாய்தான் வேலி. குருவம்மாவின் கத்தலை முழுக்கக் கோபம் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் கேட்டிருக்கிறோம். அதில் பெரும்பகுதி பயம். மயிலிடம் பேசும்போது அந்தப் பயத்தில் பெருமையும் கலந்திருக்கும். அவர்கள் வீட்டை அண்டி வாழும் சப்பாணியிடம் அதே குரல், ஆனால் திட்டிக்கொண்டே சோறு போடுகிறவளின் திட்டு. இத்தனையையும் ஒரே சுருதியில் வைத்துக்கொண்டு வேறுபடுத்திக் காட்டுவது லேசான வேலையா?

குருவம்மா இறந்த பிறகு படத்தைக் கவனியுங்கள். அந்த வீட்டில் சத்தமே போய்விடுகிறது. மயிலுக்கு இனி யாருமில்லை என்று வசனம் வைத்துச் சொல்லத் தேவையே இல்லை, அந்தக் குரல் இல்லாததே சொல்லிவிடுகிறது. வெறும் கத்தலாக இருந்திருந்தால், அது நின்றதும் நமக்கு நிம்மதியாக அல்லவா இருந்திருக்கும்?

செல்லூர் ரசிகன்:
ஒரு விஷயத்தை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். ‘16 வயதினிலே’ நம் ஊரில் எடுத்த படமே இல்லை. கர்நாடகத்தில் மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுத்தது. அப்போதெல்லாம் வெளிப்புறத்தில் எடுத்த படத்துக்கு வசனத்தைப் பின்னால் டப்பிங் தியேட்டரில்தான் பேசிச் சேர்ப்பார்கள். வயல்காட்டில் நின்று போட்ட சண்டையை மூடிய அறைக்குள் மைக் முன்னால் நின்று திரும்பக் கொண்டுவர வேண்டும். கலைமணி எழுதிய வசனம் நம் மண்ணில் பேசுவதாகவே காதில் விழுகிறது என்றால், அதில் பெரிய பங்கு காந்திமதியின் தொண்டைக்குத்தான்.

வைகைக்கரை வாசகன்:
தொண்டையை நான் குறை சொல்லவில்லை தம்பி. அதை வைத்து என்ன செய்தார் என்றுதான் கேட்கிறேன். ‘முதல் மரியாதை’யில் (1985) சிவாஜியின் மனைவியாக வரும் பொன்னாத்தாவைப் பாருங்கள். அந்த வேடத்தில் வடிவுக்கரசியும் இரைச்சல்தான் போடுகிறார். ஆனால் அதற்கு அடியில் ஒரு பழைய அவமானம் கிடப்பதைப் படம் கடைசியில் எடுத்துக் காட்டுகிறது. இன்னொரு நடிகை எஸ்.என். லட்சுமி, விருதுநகர் பக்கத்துக்காரர். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் (1990) திருட்டுப் பாட்டி, ‘விருமாண்டி’யில் (2004) பேரன் மேல் உயிரையே வைத்த கிழவி. இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்று நம்புவதற்கே கொஞ்ச நேரம் ஆகும். காந்திமதியிடம் அந்த மாற்றம் எங்கே?

உசிலம்பட்டிக்காரி:
இருக்கிறது. ‘கரகாட்டக்கார’னில் (1989) இருக்கிறது. ராமராஜனின் அம்மாவாக வந்து, பிரிந்துபோன உடன்பிறந்தவராக வரும் சண்முகசுந்தரத்தின் எதிரில் நிற்கும்போது சொலவடையும் கிடையாது, இடுப்பில் கையும் கிடையாது. அவர் பொங்குகிறார், இவர் அடங்கி நிற்கிறார். மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடிய படம் அது. கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் காமெடியைப் பற்றியே பேசிப் பேசி இந்த அம்மா செய்ததை யாரும் எழுதவில்லை.

அப்புறம் ஒச்சாயி. காந்திமதி பிறந்தது 1945இல். ‘மண்வாசனை’ வந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. அந்த வயதில் ஒரு கிழவியின் அதிகாரத்தைப் பேச்சில் கொண்டுவந்தார். குருவம்மா ஊருக்குப் பயந்து கத்துகிறவள். ஒச்சாயிக்கு அந்தப் பயம் கிடையாது. தன் மனுசர்களை அதட்ட உரிமை உள்ளவளின் குரல் அது. ஒச்சாண்டம்மனுக்கு நேர்ந்து ஒச்சாயி என்று பேர் வைக்கிற ஊர்க்காரி நான். என் அப்பத்தா வயதுப் பெண்கள் சொலவடையைத் தனியாக நிறுத்திச் சொல்ல மாட்டார்கள், பேச்சோடு பேச்சாகப் போய்விடும். காந்திமதியும் அப்படித்தான் விட்டுவிடுவார். மற்ற நடிகைகள் பலர் பழமொழி வந்ததும் ஒரு நிமிடம் நின்று, இதோ பழமொழி என்று காட்டிவிட்டுத்தான் நகர்வார்கள்.

செல்லூர் ரசிகன்:
இதைக் கேட்டதும் ஊர்த் திருவிழாக்களில் மேடையேறும் ஸ்பெஷல் நாடகம்தான் ஞாபகம் வருகிறது. ‘வள்ளி திருமண’த்தில் விடிய விடியத் தர்க்கம் நடக்கும். எதிராளி முடிக்கும் முன்பே அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு நொடி தவறினால் கூட்டம் கலைந்துவிடும். அந்தத் தாளம் காந்திமதியிடம் இருந்தது. ஆனால் வைகைக்கரை அண்ணன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பின்னால் வந்த பல படங்களில் கிழவி கத்த வேண்டும், நகைச்சுவை நடிகர் அவரைத் திட்ட வேண்டும், அதோடு காட்சி முடிந்தது. கூப்பிட்டவர்கள் கேட்டதே அவ்வளவுதான். நாற்பதுக்குள் பாட்டியாக்கிவிட்ட சினிமா அதற்கு மேல் என்ன எழுதிக் கொடுத்துவிடும்?

வைகைக்கரை வாசகன்:
இயக்குநர் மேல் பழியைப் போட்டுவிட்டால் எந்த நடிகரையும் விமர்சிக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தது சின்ன வேடமாகவே இருக்கட்டும், அதில் ஒரு இடத்திலாவது குரலைத் தணித்துப் பார்த்திருக்கலாம். பல வருடம் நடித்தவரை மூன்று படத்தை வைத்துத் தூக்கிப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உசிலம்பட்டிக்காரி:
எண்பதுகளில் சிவாஜி நடித்த படங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டா அவரை அளக்கிறோம்? ‘முதல் மரியாதை’யைத்தானே முதலில் எடுத்து வைக்கிறோம். அவருக்கு அந்த மரியாதை என்றால் காந்திமதிக்கும் அதே மரியாதைதான் அண்ணே. குருவம்மாவை முதலில் வையுங்கள், பக்கத்தில் ஒச்சாயியை வையுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.