புதுப்பிப்பு: அடீனியத்தில் வந்த அந்தக் 'கொம்பு'

போன மாசம் படம் போட்டுக் கேட்டிருந்தேனே, வேளச்சேரி வீட்டு பால்கனி அடீனியத்தில் (பாலைவன ரோஜான்னு சொல்ற பூச்செடி) பூ உதிர்ந்த இடத்தில் ஆட்டுக் கொம்பு மாதிரி ஜோடியா ஏதோ கிளம்பியிருக்கு, நோயா, வெட்டிடலாமான்னு? நோய் இல்லை, விதைக்காய். "கை வெச்சுடாதீங்க" என்று தடுத்தவங்களுக்கு நன்றி.

அடீனியம் அரளி குடும்பம். ஒரே பூவிலிருந்து இரட்டைக் காய் வருவது அதன் இயல்பு. மகரந்தம் பூக்குழலுக்குள் ஒளிந்திருப்பதால் தொட்டியில் தானாகக் காய் பிடிப்பது அபூர்வம். எந்தப் பூச்சி புண்ணியம் கட்டிக்கிச்சோ!

காய் பழுக்க ஆரம்பித்ததும் நூலைத் தளர்வாகச் சுற்றி வைத்தேன். நேற்று நீளவாக்கில் வெடித்தது. உள்ளே நெருக்கமாக அடுக்கிய பழுப்பு விதைகள், ஒவ்வொன்றின் இரு முனையிலும் பளபளவென்று பஞ்சு. நூல் இல்லாவிட்டால் சாயங்காலக் கடல்காத்து மொத்தத்தையும் பக்கத்து அபார்ட்மென்ட்டுக்குக் கொடுத்திருக்கும்.

கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மணலும் கலந்து, அதன்மேல் விதைகளை மேலாகத் தூவியாச்சு. புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். ஆனால் தாய்ச்செடியின் அதே நிறத்தில் பூக்கும் என்று நம்ப முடியாது, அதுக்கு ஒட்டுதான் கட்டணும்.

காய் பறிக்கும்போது செடியின் பால் கையில் படாமல் பார்த்துக்கோங்க. ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவிய விஷம் அது.