ஒரு கிளாஸ் ஒயினும் மார்பகப் புற்றுநோயும்: பெண்களிடம் எப்போது சொல்வது?

அல்லி:
பிரிட்டனில் மதுவும் மார்பகப் புற்றுநோயும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது மூன்றாம் ஆண்டு. புகைத்தால் நுரையீரல் கெடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிகிறது. ஒயின் குடித்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்றால், நான் பேசுகிற பெண்கள் பலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது. 2007இல் மார்பகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஆக்ஸ்போர்டின் 'மில்லியன் விமன் ஸ்டடி' 2009இல் வெளியிட்ட முடிவு சுமார் 12.8 லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்து வந்தது. நாளுக்கு 10 கிராம் ஆல்கஹால், ஏறக்குறைய ஒரு சிறிய கிளாஸ் ஒயின், கூடினால் ஆபத்து 12% ஏறுகிறது. மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்-ரே பரிசோதனைக்கு, வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

செந்தூரன்:
சொல்லக் கூடாது என்பது என் கட்சி, இந்த வடிவத்திலாவது. குடிக்கும் அளவு அந்தப் பெண்களே எழுதிக் கொடுத்தது. ஒயின் குடிப்பவர்களில் வசதியானவர்கள் அதிகம். அவர்கள் தாமதமாகப் பிள்ளை பெறுகிறார்கள், மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுக்கிறார்கள், பரிசோதனைக்கும் தவறாமல் போகிறார்கள். இவை ஒவ்வொன்றும் கணக்கை ஏற்றும். பழி முழுவதையும் கிளாஸ் மேல் போட்டால் எப்படி?

அல்லி:
நல்ல கேள்வி. நானும் முதலாண்டு முழுக்க இதிலேயே உழன்றேன். நீங்கள் சொன்னவற்றை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அந்த 12%. இன்னொன்று, 2002இல் 53 ஆய்வுகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 58,515 பெண்கள். புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் பிரித்துப் பார்த்தபோதும் மதுவின் விளைவு அப்படியே நின்றது. 10 கிராமுக்கு 7% சொச்சம்.

காரணமும் புலப்படுகிறது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 51 பெண்களுக்கு உணவையும் மதுவையும் அளந்து கொடுத்து எட்டு எட்டு வாரமாகச் சோதித்தார்கள். மது கொடுத்த வாரங்களில் ரத்தத்தில் ஈஸ்ட்ரோன் சல்பேட் ஏறியது. அது ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன், மார்பகப் புற்றுநோய் வளரத் துணைபோகும் வகை. இங்கே கேள்வித்தாளை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. 'ஒயின் மட்டும்தானே' என்பவர்களுக்கும் ஒரு செய்தி: மில்லியன் விமன் ஆய்வில் ஒயின் மட்டும் குடித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்தில் வித்தியாசம் இல்லை.

வாணி:
நான் நோயாளி. இரண்டு வருடம் முன்பு அறுவை சிகிச்சை, அப்புறம் கீமோ. நான் வெள்ளிக்கிழமை இரவு இரண்டு கிளாஸ் குடிப்பவள், அவ்வளவுதான். முடி கொட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தபோது என்னைப் பார்க்க வந்த உறவுக்காரர் கேட்ட முதல் கேள்வி, 'குடிப்பியாமே?' அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. நானே வரவழைத்துக்கொண்டேனோ என்று.

நீங்கள் சொன்ன அதே 2002 ஆய்வை நானும் தேடிப் படித்தேன் அல்லி. வளர்ந்த நாடுகளில் மார்பகப் புற்றுநோயில் மதுவால் வருவது சுமார் 4% என்று அதிலேயே இருக்கிறது. மீதி 96 பேரிடம் யார் என்ன கேட்பது?

செந்தூரன்:
வாணி சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எனக்கு இவ்வளவு தெளிவாக வரவில்லை.

அல்லி:
வாணி அக்கா, அந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்டிருக்கக் கூடாது. ஒரு தனிப் பெண்ணுக்கு நோய் ஏன் வந்தது என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பற்றித்தான் எங்களால் பேச முடியும்.

12% என்று மட்டும் சொன்னது என் தவறு. அதே மில்லியன் விமன் ஆய்வு இன்னொரு விதமாகவும் சொல்கிறது: தினம் ஒரு கிளாஸ் கூடுதலாகக் குடிக்கும் 1,000 பெண்களில், 75 வயதுக்குள் கூடுதலாகச் சுமார் 11 பேருக்கு மார்பகப் புற்றுநோய். இதை அறிந்த பிறகும் ஒருத்தி குடிக்கலாம், அது அவள் முடிவு. தெரியாமலே வைத்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே அரசு சொல்லும் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட், அதாவது சராசரியாக நாளுக்கு 16 கிராம் ஆல்கஹால். வரம்புக்குள்தானே இருக்கிறேன் என்று நினைக்கும் பெண்ணும் இந்தக் கணக்கில் வருகிறாள்.

செந்தூரன்:
11 என்ற எண்ணை ஏற்கிறேன், அதில் மறைப்பு இல்லை. 'ஒரு சொட்டும் ஆபத்து' என்று பயமுறுத்துவதை இப்போதும் ஏற்கவில்லை.

வாணி:
சொல்வதாக இருந்தால் நோய் வருவதற்கு முன்னால் சொல்லுங்கள். 50 வயது தாண்டியதும் பரிசோதனைக்கு அழைத்து ஒரு கடிதம் வருகிறதே, அதில் எழுதுங்கள். கீமோ அறையில் வேண்டாம்.

அல்லி:
அந்த ஆய்வின் கேள்வித்தாளே அந்த அழைப்புக் கடிதத்தோடுதான் பெண்களுக்குப் போனது, அக்கா. பதிலும் அதே வழியில் போகட்டும். 11 பேர் கணக்கை அப்படியே எழுதி, கீழே 'மது தொடாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது' என்று ஒரு வரி சேர்க்கிறேன். செந்தூரன், சம்மதமா?

செந்தூரன்:
அந்த வரி மேலே வரட்டும்.