எல்லைச் சுவரும் அமலாக்கமும்: அமெரிக்க எல்லைக் கையேட்டுக்கான கலைச்சொல் விவாதம்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க–மெக்சிகோ எல்லை பற்றிய தமிழ்க் கையேட்டுக்குக் கலைச்சொற்கள் தேவைப்படுகின்றன. சுவர் எழுப்புவதா, சட்டத்தைக் கறாராக அமல்படுத்துவதா என்ற வாதம்தான் கையேட்டின் நடுப்பகுதி. செய்தித்தாள்களில் புழங்கும் சொற்களை அப்படியே எடுத்தாண்டால் சில இடங்களில் பொருளே கெட்டுவிடும். அவற்றை மட்டும் இங்கே வைக்கிறேன்.

மிக ஆபத்தானது ‘என்கவுன்டர்’. எல்லைக் காவல் படையினர் எல்லை தாண்டிய ஒருவரைக் கண்டு பிடித்தால் அது ஒரு என்கவுன்டர் என்று கணக்கில் ஏறும். 2022 நிதியாண்டில் தெற்கு எல்லையில் இப்படிச் சுமார் 22 லட்சம். தமிழ்நாட்டில் என்கவுன்டர் என்றால் காவல்துறை சுட்டுக் கொன்றது என்றே பொருள். ஆகவே ஒலிபெயர்த்து எழுதவே கூடாது. 2020 மார்ச் வரை ‘பிடிபடல்’ என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். கொரோனா காலச் சுகாதார ஆணையின்படி வழக்கு எதுவுமின்றி உடனே வெளியேற்றப்பட்டவர்களையும் சேர்த்து எண்ண வேண்டி வந்ததால் பெயரை மாற்றினார்கள். இரண்டையும் உள்ளடக்க ‘எதிர்ப்படல்’ என்று முன்மொழிகிறேன். எண்ணப்படுவது நிகழ்வு, ஆள் எண்ணிக்கை இல்லை என்பதையும் கையேட்டில் முதல் இடத்திலேயே சொல்ல வேண்டும். மறுபடியும் பிடிபட்டவர்களின் பங்கு 2019-இல் 7 விழுக்காடு. அந்த ஆணை நடப்பில் இருந்த 2021-இல் 27 விழுக்காடு. ஒரே ஆள் மூன்று முறை முயன்று மூன்று முறையும் அகப்பட்டால் அது மூன்று எதிர்ப்படல்.

அடுத்தது ‘டிடெரன்ஸ்’. பலர் ‘தடுப்பு’ என்று எழுதுகிறார்கள். அது நடந்து முடிந்த விளைவைச் சொல்லும் சொல். 1994-இல் சான் டியேகோவில் வேலியும் விளக்கும் ஆட்களும் குவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட நோக்கம், வருகிறவர்களை வரவிடாமல் தயங்கவைப்பது. சான் டியேகோ பகுதியில் பிடிபடல் 1994-இல் சுமார் 4.5 லட்சம், 2001-இல் 1.1 லட்சம். இதை மட்டும் பார்த்தால் தடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். அரிசோனாவின் டூசான் பகுதியிலோ சுமார் 1.4 லட்சமாக இருந்தது 2000-இல் 6.16 லட்சமாக ஏறியது. வந்தவர்கள் பாலைவன வழிக்கு மாறிவிட்டார்கள், பலர் அங்கே தாகத்தில் இறந்தார்கள். எனவே நோக்கத்துக்குத் ‘தயங்கவைத்தல்’, நடந்ததற்குத் ‘தடமாற்றம்’ என்று இரண்டு சொற்கள் வேண்டும்.

‘சுவர்’, ‘அமலாக்கம்’ இரண்டையும் உங்களிடமே விடுகிறேன்.

அன்புடன்.

மடல் 2

வணக்கம். கட்டுமானப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

> ‘சுவர்’, ‘அமலாக்கம்’ இரண்டையும் உங்களிடமே விடுகிறேன்.

‘சுவர்’ என்பது அரசியல் மேடைச் சொல். பெரும்பகுதியில் நிற்பது அது இல்லை. 6 அங்குலச் சதுர எஃகுக் குழாய்களை 4 அங்குல இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தி, உள்ளே முறுக்குக் கம்பி விட்டுக் கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். உயரம் 18 முதல் 30 அடி. ஏறுபவருக்குப் பிடிமானம் கிடைக்காமல் இருக்க உச்சியில் இரும்புத் தகடு. இடைவெளி விட்டதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் யார் நிற்கிறார், கல் வருகிறதா, ஏணி வருகிறதா என்று ரோந்துக்காரருக்குத் தெரிய வேண்டும். முழுச்சுவர் எழுப்பினால் காவலுக்குத்தான் கண் மறையும். இதற்குத் ‘தூண்வேலி’ என்பதே பொருந்தும். ‘கிராதி’ என்றும் யோசித்தேன், ஆனால் அது சன்னல் கம்பியையும் மாடிப்படிக் கைப்பிடியையும் நினைவூட்டும்.

இன்னொரு வகையும் உண்டு. தண்டவாளத் துண்டுகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்காகப் பற்றவைத்து நிறுத்துவது. வண்டி போகாது, ஆள் தாராளமாகக் காலைத் தூக்கி வைத்துக் கடந்துவிடலாம். 2017 தொடக்கத்தில் ‘654 மைல் தடுப்பு இருக்கிறது’ என்று சொன்னார்களே, அதில் 300 மைல் இந்த வகைதான். மொத்த எல்லை 1,954 மைல், அதாவது 3,145 கி.மீ. எனவே ‘ஆள்தடுப்பு’, ‘ஊர்தித்தடுப்பு’ என்று பிரித்தே எழுத வேண்டும். பிரிக்காவிட்டால் எண்கள் பொய் சொல்லும். 2021 ஜனவரி வரை முதல் டிரம்ப் ஆட்சியில் கட்டப்பட்ட 458 மைலும் அப்படித்தான். முன்பு எதுவுமே இல்லாத இடத்தில் புதிதாக எழுந்த முதன்மைத் தடுப்பு அதில் சுமார் 52 மைல். மீதியில் பெரும்பகுதி பழையதைப் பெயர்த்துவிட்டு உயரமாக நிறுத்தியது.

தூண்வேலி எங்கே தோற்கிறது என்பதும் கையேட்டில் வர வேண்டும். கடைகளில் கிடைக்கும், முன்பின் ஓடும் கைமின்வாளில் நல்ல அலகு மாட்டினால் தூணின் அடியை அறுத்துவிடலாம். தூண் மேலே மட்டும் தகட்டோடு ஒட்டியிருப்பதால், நீளம் கூடக்கூட அடி எளிதாக அசையும். தள்ளினால் ஆள் நுழைய வழி கிடைக்கும். பிறகு வெட்டுவாயில் மக்கு பூசி மறைத்துவிட்டால் ரோந்து வண்டி பார்க்காமல் கடந்து போகும், அதே துளையை மறுநாளும் பயன்படுத்தலாம். 2019 முதல் 2021 வரை 3,000-க்கும் மேற்பட்ட முறை இப்படி அறுபட்டிருக்கிறது. எல் பாசோ பக்கம் 3/8 அங்குல முறுக்குக் கம்பியில் ஏணி செய்து, வேலியின் துரு நிறத்தோடு கலந்து போகும்படி சாத்தி வைப்பார்கள். ஒரு ஏணிக்குச் சில டாலர்தான் செலவு.

அரிசோனாவில் கோடை மழைக்காலம் இன்னொரு தொல்லை. வேலி காட்டாறுகளைக் குறுக்கே கடக்கிறது. 4 அங்குல இடைவெளியில் முள்ளும் கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் வேலியே அணையாகிவிடும். அதனால் கோடையில் மதகுக் கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் டக்ளஸ் ஊருக்குக் கிழக்கே வெள்ளம் கதவுகளையே பிய்த்துப் போட்டது. டெக்சாசில் நிலைமை வேறு. அங்கே எல்லையே ரியோ கிராண்டே ஆறு. வெள்ளப்போக்கைத் திருப்பும் எதையும் ஆற்றுவெளியில் கட்டக்கூடாது என்று மெக்சிகோவுடன் செய்த 1970 ஒப்பந்தம் இருக்கிறது. ஆகவே வேலி ஆற்றங்கரையில் இல்லாமல் உள்ளே தள்ளி, கரைமேட்டின் மீது நிற்கிறது. நிலமும் பெரும்பாலும் தனியாருடையது, கையகப்படுத்தும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அரிசோனாவில் வேகமாகக் கட்ட முடிந்ததற்குக் காரணம், 1907-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் எல்லையோரம் 60 அடிப் பட்டையை அரசு நிலமாக ஒதுக்கி வைத்ததுதான்.

சரி, தூண்வேலி என்னதான் செய்கிறது? தாமதப்படுத்துகிறது. அதற்கு ‘சுணக்கத் தடை’ என்று சொல் தருகிறேன். அதோடு சேர்ந்தே வர வேண்டிய சொல் ஒன்று எல்லைக் காவல் படையிடம் உண்டு. எல்லை தாண்டிய ஆள் கூட்டத்தில் கலந்து காணாமல் போக எடுக்கும் நேரம் அது. நகர்ப்புறத்தில் நொடிகளிலிருந்து நிமிடங்கள், நாட்டுப்புறத்தில் நிமிடங்களிலிருந்து மணிகள், பாலைவனத்தில் மணிகளிலிருந்து நாட்கள். இதற்கு ‘மறைநேரம்’. மறைநேரம் இரண்டு நிமிடமாக இருக்கும் நகரில் ஐந்து நிமிடச் சுணக்கம் பெரிய காரியம். பாலைவனத்தில் அதே ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை, அங்கே ஆள் எப்படியும் இரண்டு நாள் நடக்க வேண்டும். சுவர் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு இடம் குறிப்பிடாமல் விடை சொல்ல முடியாது.

மடல் 3

வணக்கம். கனடாவிலிருந்து.

தூண்வேலி, மறைநேரம் இரண்டும் நன்றாய் இருக்கின்றன. ஆனால் செய்தித்தாள்களில் ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்ற சொல் கேள்வியின்றி வந்துகொண்டிருக்கிறது. ஈழத்து வாசகருக்குக் குடியேற்றம் என்றால் அரச ஆதரவோடு ஒரு நிலப்பரப்பில் மக்களைக் கொண்டுவந்து இருத்துதல். இலங்கையின் கல்லோயாக் குடியேற்றத் திட்டக் காலத்திலிருந்து அந்தப் பொருள் ஊறிப்போய்விட்டது. இலங்கையில் திணைக்களத்தின் பெயரே ‘குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்’. உள்ளே வருதல் குடிவரவு, வெளியே போதல் குடியகல்வு. சுத்தமான இரட்டைச் சொல் கையில் இருக்கும்போது ஏன் விடவேண்டும்?

‘ஊடுருவல்’ வேண்டவே வேண்டாம். அது படையெடுப்புக்கான சொல். பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்து வந்து, காவலரைத் தேடிப்போய்த் தஞ்சம் கேட்கும் தாயை ஊடுருவல்காரி என்று எழுத எனக்குக் கை வராது. ‘முறையற்ற குடிவரவு’ என்றே இருக்கட்டும்.

‘டிப்போர்ட்டேஷனு’க்கு நாடுகடத்தல் நிலைபெற்றுவிட்டது, அதை மாற்ற முடியாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிவிடுபவரை ‘ஆட்கடத்தல்காரர்’ என்று எழுதுவது பிழை. ஆட்கடத்தல் என்பது ஏமாற்றியோ வற்புறுத்தியோ கொண்டுபோய்ச் சுரண்டுவது. தானே விரும்பிக் காசு கட்டி வருபவரைக் கொண்டுவருதல் வேறு குற்றம், தண்டனையும் வேறு. அதற்கு ‘எல்லை கடத்திவிடல்’ என்று வையுங்கள்.

மடல் 4

வணக்கம். குடிவரவுச் சட்டம் தொடர்பாகச் சில.

முந்தைய மடலின் தாய்தான் இந்த விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன். தூண்வேலி அமெரிக்க மண்ணுக்குள் கட்டப்பட்டது. வேலியைத் தொடும் ஆள் ஏற்கெனவே அமெரிக்காவில் நிற்கிறார். எந்த வழியாக வந்திருந்தாலும் அமெரிக்க மண்ணில் இருப்பவர் தஞ்சம் கோரலாம் என்கிறது குடிவரவுச் சட்டம். அவர் ஏறவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், வேலியின் தெற்கே உட்கார்ந்து காவலர் வரும்வரை காத்திருந்தால் போதும் என்றே அண்மைக்காலம் வரை இருந்தது. இவருக்கு மறைநேரம் என்ற ஒன்றே கிடையாது. அதன் பிறகு நடப்பதைத் தீர்மானிப்பது வழக்குமன்றம். 2024 நிதியாண்டு முடிவில் நிலுவை வழக்குகள் 37 லட்சத்துக்கும் மேல், நீதிபதிகள் சுமார் 700. தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகும் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தால் அதுவே வரச்சொல்லும் அழைப்பாகிவிடும். ‘அமலாக்கம்’ என்ற சொல்லுக்குள் நீதிபதி நியமனமும் அடங்க வேண்டும் என்பது என் வாதம். காக்கிச்சட்டையை மட்டும் அது குறித்தால் பாதிதான்.

எண்களும் இதையே காட்டுகின்றன. 2023 டிசம்பரில் எதிர்ப்படல் சுமார் 2.5 லட்சம். 2024 டிசம்பரில் சுமார் 47,000. 2025 பிப்ரவரியில் 8,400-க்கும் கீழ். இந்தப் பதினான்கு மாதத்தில் வேலியின் நீளத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. மெக்சிகோ தன் நாட்டுக்குள்ளேயே ஆட்களை மறித்தது, 2024 ஜூனில் பைடன் தஞ்சக் கோரிக்கையைச் சுருக்கினார், 2025 ஜனவரியில் டிரம்ப் கிட்டத்தட்ட மூடியே விட்டார். இவற்றில் கடைசியானது சட்டப்படி சரியா, அறப்படி சரியா என்பது தனி வழக்கு. தஞ்சத்துக்கு உண்மையாகவே தகுதியுள்ளவருக்கும் அதில் கதவு அடைபட்டது என்பதைக் கையேடு மறைக்கக் கூடாது.

அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கிவிடும் ‘ஓவர்ஸ்டே’ பற்றி யாரும் எழுதவில்லை. இதற்கு எந்த வேலியும் பயன்படாது, ஏனென்றால் இவர்கள் விசாவோடு விமானத்தில் வந்து முத்திரை குத்திக்கொண்டு நுழைந்தவர்கள். 2019 நிதியாண்டில் 6.76 லட்சம் பேர், அதாவது புறப்பட வேண்டியவர்களில் 1.21 விழுக்காடு. அதே ஆண்டில் தெற்கு எல்லையில் பிடிபடல் 8.51 லட்சம். ‘விசா காலாவதியான பின் தங்குதல்’ என்று எழுதுவது பிழை. விசா என்பது வாசலில் காட்டும் சீட்டு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம் என்பது ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதி. விசா பத்தாண்டுக்குச் செல்லுபடியாக இருக்கும்போதே ஐ-94 தேதி ஆறு மாதத்தில் முடிந்துவிடலாம். அந்தத் தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு வெளியேறினால் மூன்றாண்டு, ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தால் பத்தாண்டு திரும்பி வர முடியாது. எனவே ‘கெடுமீறித் தங்கல்’, சுருக்கமாகக் ‘கெடுமீறல்’. ஆவணமின்றித் தங்குபவரை வளைகுடாத் தமிழர்கள் சொல்லும் ‘கல்லிவல்லி’ உயிருள்ள சொல்தான், ஆனால் முதலாளியை விட்டு ஓடியவரையும் அது சேர்த்தே குறிப்பதால் இங்கே பொருந்தாது.

மடல் 5

மீண்டும் கட்டுமானப் பக்கத்திலிருந்து.

> இந்தப் பதினான்கு மாதத்தில் வேலியின் நீளத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலி பயனற்றது என்ற முடிவுக்கு இழை சரிந்துவிடக் கூடாது. இஸ்ரேல் 2010-க்குப் பிறகு எகிப்து எல்லையில் சுமார் 240 கி.மீ. வேலி கட்டியது. 2011-இல் 17,000-க்கும் மேற்பட்டோர் அவ்வழியே நுழைந்தார்கள், 2013-இல் ஐம்பதுக்கும் கீழே. அது முழு நீளத்துக்கும் கட்டப்பட்டது, நடுவில் ஆறு இல்லை, வேலியோரம் நிரந்தர ரோந்து உண்டு. அதே நேரத்தில் நுழைந்தவரை நீண்டகாலம் அடைத்துவைக்கும் சட்டமும் 2012-இல் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துக் காட்ட முடியாது. வேலி இருந்ததால்தான் குறைந்த படையினரால் காவல் காக்க முடிந்தது என்பது என் கணிப்பு.

உயரத்தைக் கூட்டுவதற்கு ஒரு விலை உண்டு. சான் டியேகோவில் 6 முதல் 17 அடி வரை இருந்த வேலியை 30 அடியாக்கிய பிறகு, விழுந்து அடிபட்டுப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 67-இலிருந்து 375 ஆனார்கள். முந்தைய மூன்றாண்டில் ஒரு சாவும் இல்லை, 2019 முதல் 2021 வரை 16 சாவுகள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் குதிகாலும் முதுகெலும்பும் தகரும். 18 அடிக்கு மேல் கூட்டும் ஒவ்வோர் அடியும் எத்தனை நிமிடச் சுணக்கம் தருகிறது என்று கணக்குக் காட்டாமல் உயர்த்துவது பொறியியலே இல்லை.

மடல் 6

நன்றி. தூண்வேலி, சுணக்கத் தடை, மறைநேரம், எல்லை கடத்திவிடல், கெடுமீறல், முறையற்ற குடிவரவு ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். ‘சுவரா, அமலாக்கமா’ என்ற தலைப்பை நீக்கிவிட்டு, அமலாக்கத்தின் கீழ் ‘எல்லைக்காவல்’, ‘வழக்காடல்’, ‘உட்பகுதி அமலாக்கம்’ என்று மூன்று பிரிவு வைக்கிறேன். தூண்வேலி முதல் பிரிவின் ஒரு கருவியாக வரும்.

மூன்றாம் பிரிவில் ஒரு சொல் இன்னும் சிக்கலாக இருக்கிறது. வேலைக்குச் சேர்பவர் முதல் நாளே, வேலை செய்யும் அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தில் தன் பகுதியை நிரப்ப வேண்டும். முதலாளி மூன்று வேலைநாளுக்குள் ஆவணங்களைப் பார்த்துத் தன் பகுதியை நிரப்ப வேண்டும்; அரசின் இ-வெரிஃபை சரிபார்ப்புத் திட்டத்தில் சேர்ந்தவர் அதன் வலைத்தளத்திலும் பதிய வேண்டும். அரிசோனா 2008 முதல் எல்லா முதலாளிகளுக்கும் இ-வெரிஃபையைக் கட்டாயமாக்கியது. விவரம் அரசுப் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஓர் அறிவிப்பு வரும். அது இறுதி முடிவு இல்லை. தொழிலாளி மறுத்துப் பதில் சொல்ல எட்டு வேலைநாள் உண்டு, அதுவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. திருமணமாகிப் பெயர் மாறியவரும், எழுத்துப் பிழையால் பெயர் மாறிப் பதிவானவரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். வேறொருவரின் உண்மையான சமூகப் பாதுகாப்பு எண்ணையும் பெயரையும் கடன் வாங்கியவரோ தடையின்றித் தேறிவிடுகிறார். 2009-இல் வெளிவந்த மதிப்பாய்வு, அனுமதியற்ற தொழிலாளரில் சுமார் 54 விழுக்காட்டினரை இந்த முறை தகுதியுள்ளோர் என்றே காட்டியதாகக் கணித்தது. முறை சரிபார்ப்பது தாளைத்தான், ஆளை இல்லை.

அந்த அறிவிப்புக்கு ‘நிராகரிப்பு’ என்று எழுதினால் முதலாளி அன்றே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ‘முதற்கட்டப் பொருந்தாமை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளமாக இருக்கிறது. ஆனால் ‘முதற்கட்ட’ என்பதை வெட்டினால் தொழிலாளியின் எட்டு நாளும் சேர்ந்து வெட்டுப்படும். இதைவிடச் சுருக்கமாக, அந்த அவகாசத்தையும் உள்ளடக்கி யாரிடமாவது சொல் இருந்தால் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.