தொற்றுநோய்ச் சட்டம் 1897: குறைவது அதிகாரமா, நடைமுறையா?

மதகு:
1897 சட்டத்தைத் தூக்கிவிட்டு மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் புதுச் சட்டம் வேண்டும் என்பதே என் வாதம். நிபா வைரஸ் வந்தால் நோயாளியோடு நெருங்கியிருந்தவரை 21 நாள் ஒதுக்கிவைக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்தால் தொடர்புப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். மீறினால் அரசு உத்தரவை மீறியதற்கான ஐபிசி (இந்தியத் தண்டனைச் சட்டம்) 188. அதிகபட்சம் 6 மாதம், 1000 ரூபாய். யார் பயப்படுவார்?

அச்சுப்பிழை:
188 போய்விட்டது. 2024 ஜூலையிலிருந்து, ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பிஎன்எஸ்) 223. உயிருக்கு ஆபத்து என்றால் ஓராண்டு, 5000 ரூபாய் வரை.

செங்காந்தள்:
அதிகாரமா குறைச்சல்? 1897 சட்டத்தின் பிரிவு 2-ஐப் படியுங்கள். வழக்கமான மற்றச் சட்டங்கள் போதாது என்று மாநில அரசு கருதினால் எந்த விதியும் போடலாம். எது ஆபத்தான தொற்றுநோய் என்ற வரையறை இல்லை, நாள் வரம்பு இல்லை, மேல்முறையீடு இல்லை. பிரிவு 4 அதிகாரிக்குக் கவசம் வேறு: நல்லெண்ணத்தில் செய்ததற்கு அவர் மேல் வழக்குப் போட முடியாது. பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்டது. அவனுக்கு மேல்முறையீடு எதற்கு!

வழக்கு நிற்காததற்குக் காரணம் தண்டனையின் அளவு இல்லை. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றத்தால் 188-ஐ விசாரணைக்கு எடுக்க முடிந்தது. போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொன்னது. பிறகும் போட்டுத் தள்ளினார்கள். 2021 பிப்ரவரியில் ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாகத் தமிழ்நாடு அரசே அறிவித்தது.

மதகு:
பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 51 இருக்கிறதே, உயிர்ச்சேதம் என்றால் 2 ஆண்டு.

செங்காந்தள்:
அதற்கும் பிரிவு 60-ன்படி புகார் வேண்டும்.

மதகு:
சரி. ஆனால் 2022 தடுப்பூசித் தீர்ப்பில், ஜேக்கப் புலியேல் வழக்கில், பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

செங்காந்தள்:
பாதியில் நிறுத்துகிறீர்கள். யாருக்கும் கட்டாய ஊசி கூடாது, கட்டுப்பாடு ஆபத்தின் அளவை மீறக் கூடாது என்பதும் அதே தீர்ப்புதான். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தைப் பாருங்கள்: பெருந்தொற்றைச் சாக்கிட்டு ஆலைகளில் 12 மணி நேர வேலை, இரட்டிப்பு ஓவர்டைமும் கிடையாது என்றார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

முதலில் ஒதுக்குங்கள், ஆட்சேபணை இல்லை. கையில் ஓர் உத்தரவு கொடுங்கள்: நோயாளியோடு கடைசியாக என்றைக்கு இருந்தார், எந்தத் தேதியில் விடுதலை, யாரிடம் முறையிடுவது. 21 நாளைக் கடைசித் தொடர்பிலிருந்து எண்ண வேண்டும். உத்தரவுத் தேதியிலிருந்து எண்ணினால், 6-வது நாள் கண்டுபிடிக்கப்பட்டவர் ஆறு நாள் வீணாக அடைபடுவார்.

மதகு:
தேதிக் கணக்கு சரி. முறையீட்டை யார் கேட்பது? உத்தரவு போட்ட மருத்துவ அலுவலரே கேட்டால் கண்துடைப்பு. மாஜிஸ்திரேட் என்றால், தொற்று சந்தேகம் உள்ளவரை எப்படி ஆஜர்படுத்துவது?

செங்காந்தள்:
வீடியோவில், 72 மணி நேரத்துக்குள். ஒதுக்கல் அதுவரை தொடரட்டும்.

அச்சுப்பிழை:
இருவரும் கூலியை விட்டுவிட்டீர்கள். 2020 மார்ச்சில் தனிமை முகாமின் சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் மாநிலப் பேரிடர் நிதியைத் தொட அனுமதி வந்தது. தினக்கூலிக்காரர் மூன்று வாரம் வீட்டுக்குள் இருந்தால் அந்தச் சம்பளத்தை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவீர்கள்? புதுச் சட்டத்தில் அந்தத் தலைப்பு இல்லையென்றால் அவர் நாலாவது நாளே வேலைக்குப் போய்விடுவார், தண்டனை எத்தனை ஆண்டானாலும்.