மறு: சாம்பலா, கருக்காயா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். முழு நல்லவர் என்றோ முழுக் கெட்டவர் என்றோ சொல்லிவிட முடியாத கதைமாந்தரை (ஆங்கிலத்தில் ‘grey character’) தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழைக்கு என் பதில் இது.

> ‘சாம்பல்நிறப் பாத்திரம்’ ஏற்கெனவே புழங்குகிறதே, எதற்குப் புதுச்சொல்?

புழங்குகிறது ஐயா, தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் வாயில். எங்கள் மன்னார்குடிப் பக்கம் சாம்பல் என்றால் பற்றுப் பாத்திரம் விளக்க, கத்தரிச் செடியில் பூச்சிக்குத் தூவ. நெற்றிக்கு ஏறினால் திருநீறு. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் நிற்பது என்ற பொருள் நம் சாம்பலுக்கு எப்போது வந்தது? ‘சாம்பல்நிறப் பாத்திரம்’ என்று என் அம்மாவிடம் சொன்னால் அலுமினியக் குண்டானைத் தேடுவார். ‘எதிர்நாயக’னும் ஒத்துவராது, எதிரி வாடை தூக்கல்.

என் பரிந்துரை ‘கருக்காய் மாந்தர்’. நெல் தூற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றில் மெல்லச் சரித்தால் மணி காலடியில் விழும், பதர் தூரப் பறக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வரிசை விழுமே, அதுதான் கருக்காய். பார்வைக்கு நெல். நகத்தால் கீறினால் உள்ளே பாதி அரிசி. கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, தண்ணீர் எட்டாவிட்டால் கருக்காய் கூடிவிடும். பாட்டி அதைத் தனியே கூட்டிக் கோழிக்குப் போடுவார்.

இப்போது 1954இல் வந்த ‘அந்த நாள்’ ராஜனை எடுங்கள். எஸ். பாலசந்தர் இயக்கி, சிவாஜி நடித்த, பாட்டே இல்லாத படம். ஆரம்பத்திலேயே ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். வீட்டாரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்ல, அவனைப் பற்றிய நம் கணக்கு மாறிக்கொண்டே போகிறது. 1943, சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரம். ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில் வானொலி செய்ய நினைத்த பொறியாளன், ஆதரவு கிடைக்காத ஆத்திரத்தில் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிறான். பால் பிடிக்கும்போது தண்ணீர் வரவில்லை. அதற்காக விற்றது சரி என்று நான் சொல்லவில்லை.

> கருக்காய் என்பது குறை. இவர்களிடம் குறையா இருக்கிறது? இரண்டும் நிறைய அல்லவா இருக்கிறது?

கும்பகோணம் அக்கா கேட்ட இதுதான் இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருக்கிறது. ராஜனின் மனைவி உஷாவை வைத்துப் பார்த்தேன். கணவன்மேல் உயிரையே வைத்தவள். நாடா அவனா என்று வந்தபோது துப்பாக்கியை அவன் பக்கம் திருப்பியவள். அவள் கருக்காய் இல்லை, முற்றிய மணி. அட, நம் புகார்க் கோவலன்? மாதவியிடம் போய்ப் பொருளைத் தொலைத்தவனும் அவன்தான், யானையின் பிடியிலிருந்து முதியவரை மீட்டவனும் அவன்தான். அக்கா கட்சிக்குத்தான் பலம்.

ஆகவே, சூழலால் பாதியில் நின்றுபோனவர்களுக்கு மட்டும் கருக்காயை வைத்துக்கொள்வோம். உஷாவுக்கும் கோவலனுக்கும், இரண்டு உள்ளம் கொண்டவர் என்ற பொருளில், ‘ஈருள மாந்தர்’ என்று எழுதிப் பார்த்தேன். உரக்கப் படித்தால் ஈரல் மாதிரி கேட்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் இதே இழையில் போடுங்கள். இங்கே மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டாரைப் போட ஓட வேண்டும்.